தப்பான முடிவுக்கு யார் விலை கொடுப்பது? அரசு, அறிவியல், வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிபர்டேரியன் என்கிறீர்கள், பழமைவாதி என்றும் சொல்லிக்கொள்கிறீர்கள். ஒரே ஆளிடம் இரண்டும் எப்படி இருக்கும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் இதை முதலில் முடித்துவிடலாம். அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவர் தன் உடல், உழைப்பு, சொத்து பற்றித் தானே முடிவெடுக்கட்டும் என்பவர் லிபர்டேரியன். தலைமுறை தலைமுறையாக அடிபட்டுத் தேறி வந்த ஒரு வழக்கத்தை, அது ஏன் வந்தது என்று புரியாமல் பிடுங்கிப் போடாதே என்பவர் பழமைவாதி. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருக்கிறது: எங்கோ உட்கார்ந்து லட்சக்கணக்கான பேருக்காக முடிவெடுப்பவருக்கு அவர்கள் வாழ்க்கை முழுதாகத் தெரியாது, அந்த முடிவு தப்பாகப் போனால் அதற்கு விலை கொடுப்பதும் அவர் இல்லை. கீழே நான் சொல்லப்போகும் கதைகளை எல்லாம் இந்தக் கவலையோடுதான் சேகரித்தேன்.

விலை ஏறினால் அரசு ஒரு சட்டம் போட்டு நிறுத்தினால் என்ன?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பல முறை. எனக்குத் தெரிந்த பிரம்மாண்டமான முயற்சி ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் வெளியிட்ட உச்சவிலை ஆணை. கோதுமை, ஒயின், இறைச்சி, செருப்பு, முடிதிருத்துபவர் கூலி, ஆசிரியர் சம்பளம், விளையாட்டரங்குக்கு வாங்கும் சிங்கம் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் வேலைகளுக்கும் உச்சவரம்பு கட்டினார்கள். மீறினால் மரண தண்டனை. கல்லில் வெட்டி ஊர் ஊராக நிறுத்திய அந்த ஆணையின் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

அந்த ஆணையின் முன்னுரை விலையேற்றத்துக்கு வியாபாரிகளின் பேராசையைக் குற்றம் சாட்டுகிறது. உண்மையான காரணம் நாணயச் சாலையில் இருந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்கவும் எல்லைப் போர்களை நடத்தவும் அரசுக்குக் காசு போதவில்லை, அதனால் பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நீரோ காலத்தில், கி.பி. 64 வாக்கில், கொஞ்சமாக ஆரம்பித்தது அது. இரண்டு நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் காசில் வெள்ளி பூச்சளவுக்குத்தான் மிச்சம். காசின் மதிப்பைக் கெடுத்த கையே அந்தக் காசை வாங்கிப் பொருள் கொடுத்தவனைத் திருடன் என்றது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். விளைவு என்ன ஆனது என்று அந்தக் காலத்து எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் எழுதி வைத்திருக்கிறார்: அற்ப விஷயங்களுக்கு ரத்தம் சிந்தப்பட்டது, பயத்தில் யாரும் பொருளைக் கடைக்குக் கொண்டு வரவில்லை, விலை இன்னும் ஏறியது. அவர் கிறிஸ்தவர், டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவர், ஆகவே அவர் சொல்வதில் கோபம் கலந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் ஆணை சில ஆண்டுகளில் செத்துப்போனது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய சண்டை இல்லை.

இதைத் திருப்பிப் போட்ட கதை 1948இல் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. போர் முடிந்து மூன்று வருடம் ஆகியும் ரேஷன், விலைக்கட்டுப்பாடு எல்லாம் அப்படியே இருந்தன, பழைய மார்க் நோட்டை யாரும் மதிக்கவில்லை, சிகரெட்தான் பணமாகப் புழங்கியது. ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை புதிய மார்க் வந்தது. அதோடு சேர்த்துப் பொருளாதார நிர்வாகத்தின் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான பொருட்களின் விலைக்கட்டுப்பாட்டையும் நீக்கினார். அதுவரை காலியாகக் கிடந்த கடைகளில் அடுத்த நாளே சரக்கு வந்து நின்றது, ஏனென்றால் சரக்கு எங்கும் போய்விடவில்லை, செல்லாத காசுக்கு விற்க மனமில்லாமல் உள்ளே பதுங்கிக் கிடந்தது. எல்லாம் உடனே இனித்தது என்று சொன்னால் பொய். முதல் சில மாதம் விலைகள் ஏறின, நவம்பரில் பொது வேலைநிறுத்தமே நடந்தது. எர்ஹார்ட் பின்வாங்கவில்லை, அப்புறம் நடந்த வளர்ச்சியைத்தான் உலகம் ஜெர்மன் அதிசயம் என்றது.

நல்ல நோக்கத்தோடு பரிசு கொடுத்தால்கூடக் கெட்டதா?

நோக்கத்தைப் பார்த்து எலி குட்டி போடுவதை நிறுத்தாது. 1902இல் ஹனோயை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குடியிருப்புப் பகுதிக்கு நவீன சாக்கடை அமைத்தார்கள், அது எலிகளுக்கு அருமையான வீடாகிப்போனது. பிளேக் பயம் வேறு. முதலில் கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றார்கள், ஒரே நாளில் 20,000க்கும் மேல் கொன்றதாகக் கணக்கு வந்தும் எலி ஒழியவில்லை. பிறகு எலியைக் கொன்றால் காசு, அடையாளமாக வாலைக் கொண்டு வந்தால் போதும் என்று எல்லோருக்கும் அறிவித்தார்கள். அப்புறம் வாலில்லாத எலிகள் நகரத்தில் ஓடத் தொடங்கின: வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியை உயிரோடு விட்டுவிட்டார்கள், அது இன்னும் குட்டி போடும் அல்லவா. நகரத்துக்கு வெளியே எலிப் பண்ணையே வைத்திருப்பதைக் கண்டுபிடித்த பிறகு பரிசுத் திட்டம் நின்றது.

மக்களை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். அரசு எலி ஒழிய வேண்டும் என்று விரும்பியது, ஆனால் காசு கொடுத்தது வாலுக்கு. எதற்குக் காசு கொடுக்கிறாயோ அதுதான் பெருகும்.

தற்காலிக வரி என்று சொன்னால் நம்பலாமா?

பிரிட்டனில் வருமான வரி வந்ததே தற்காலிகமாகத்தான். பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் தேடி 1799இல் பிரதமர் பிட் கொண்டுவந்தார். 1802இல் போனது, 1803இல் மறுபடி வந்தது, வாட்டர்லூ போர் முடிந்து 1816இல் மறுபடி போனது, 1842இல் பிரதமர் ராபர்ட் பீல் அதையும் சில வருடத்துக்குத்தான் என்று சொல்லிக் கொண்டுவந்தார். சட்டப்படி இன்றும் அது ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 அன்று காலாவதியாகிறது, நாடாளுமன்றம் ஆண்டுதோறும் அதற்கு உயிர் கொடுக்கிறது. அமெரிக்காவில் 1898இல் ஸ்பெயினோடு நடந்த போருக்காகத் தொலைபேசி மேல் போட்ட வரி பல வடிவம் மாறி மாறி வந்து, நீண்டதூர அழைப்புகளுக்கு 2006இல்தான் நின்றது. அந்தப் போர் நடந்ததோ சில மாதம்.

அமெரிக்க வருமான வரியும் இப்படித்தான் வளர்ந்தது. 1913இல் ஆரம்பித்தபோது உச்ச விகிதம் 7 சதவீதம், அதுவும் 5 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்கு மட்டும். முதல் உலகப் போரில் இறங்கி 1918 வந்தபோது உச்ச விகிதம் 77 சதவீதம்.

வரி எங்கே உட்காருகிறதோ அங்கே வாழ்க்கையின் வடிவமே மாறும். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்தது. ஜன்னல் அதிகமுள்ள வீடு பணக்கார வீடு, அதிகாரி உள்ளே போய் யாரையும் விசாரிக்காமல் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பது யோசனை. மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த பெரிய கட்டடங்களை ஒரே வீடாகக் கணக்குப் போட்டதால் ஏழைகளே இருட்டில் இருந்தார்கள், வெளிச்சமும் காற்றும் இல்லாமல் நோய் பரவுகிறது என்று மருத்துவர்கள் வருடக்கணக்கில் கத்தினார்கள். அப்படியும் 155 ஆண்டு ஓடியது.

சுவீடனில் 1976இல் குழந்தைகள் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனுக்கு வந்த வரி விகிதம் 102 சதவீதம், அதாவது கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறுக்கும் நூற்றிரண்டு கட்ட வேண்டும். அவர் ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர். அதை ஒரு தேவதைக் கதையாக எழுதி நாளிதழில் வெளியிட்டார், நிதியமைச்சர் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று மழுப்பப் பார்த்தார், கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியில் இருந்த கட்சி தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, இந்தக் கதை மட்டுமே கவிழ்த்தது என்று யாராவது சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வரி வாங்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. நமக்கு இது புதிய யோசனையும் இல்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னதுதான்: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமே யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலுக்குள் இறங்கினால் நூறு வயலானாலும் அது தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகம். வரி பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

அரசு பணம் போடாவிட்டால் அறிவியல் வளருமா?

விமானத்தின் கதையைப் பாருங்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் லாங்லி பெரிய விஞ்ஞானி, அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. 1903 அக்டோபர் 7இல் அவருடைய விமானம் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. மனிதன் பறக்கும் இயந்திரம் செய்யப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு ஆகலாம் என்று ஒரு பெரிய நாளிதழ் தலையங்கம் எழுதியது. டிசம்பர் 8இல் லாங்லி மறுபடி முயன்றார், மறுபடி விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில் சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் 12 நொடி, 120 அடி பறந்தார்கள். அவர்கள் செலவழித்தது சுமார் 1,000 டாலர், தங்கள் கடையில் சம்பாதித்த காசு.

பணத்தைவிட முக்கியமான வித்தியாசம் வேறு. சொந்தக் காசு என்பதால் அவர்கள் சின்னச் சின்னதாகத் தப்பு செய்தார்கள்: பட்டம் விட்டார்கள், கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை மணலில் விழுந்து எழுந்தார்கள், புத்தகத்தில் இருந்த கணக்கு சரிவரவில்லை என்றதும் கடைக்குள்ளேயே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டித் தாங்களே அளந்தார்கள். லாங்லி ஆளில்லாத மாதிரியிலிருந்து நேராக ஆளை ஏற்றும் பெரிய இயந்திரத்துக்குத் தாவினார்.

அப்புறம் நடந்தது இன்னும் கசப்பு. பறக்கும் திறனுள்ள முதல் இயந்திரம் லாங்லியுடையதுதான் என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்வில் ரைட் மனம் வெறுத்து 1928இல் தன் விமானத்தையே லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் நிறுவனம் தன் பேச்சைத் திரும்பப் பெற்றது, 1948இல் விமானம் நாடு திரும்பியது. ஆர்வில் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார்.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும்: ரைட் சகோதரர்களின் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று அமெரிக்க ராணுவம், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் அரசுப் பணத்தில் பிறந்தது. அரசுப் பணம் எப்போதுமே வீண் என்பது என் வாதம் இல்லை. நாட்டில் ஒரே ஒரு கை மட்டும் பணம் கொடுப்பதாக இருந்தால் அந்த சைக்கிள் கடைக்கு இடமே இருந்திருக்காது என்பதுதான்.

விஞ்ஞானிகள் பெரும்பான்மையாக ஒன்றைச் சொன்னால் சட்டமாக்கிவிடலாமே?

பெரும்பான்மை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நான் தடுப்பூசிக்கோ பரிணாமத்துக்கோ எதிரி இல்லை. என் பயம், அறிவியல் கருத்து ஒன்று போலீஸ்காரரின் தடியோடு வரும்போது தொடங்குகிறது. கருத்து தப்பாக இருந்தால் அடுத்த விஞ்ஞானி திருத்திவிடுவார், தடியை யார் திருத்துவது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை பல்கலைக்கழகங்களில் மதிப்போடு கற்பிக்கப்பட்டது. முற்போக்காளர்கள் அதை ஆர்வத்தோடு ஏற்றார்கள். 1907இல் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு-1 என்ற கணக்கில் அத்தகைய சட்டம் செல்லும் என்றது. அந்த ஒற்றை மறுப்பு நீதிபதி பியர்ஸ் பட்லருடையது, அவர் கத்தோலிக்கர், பழமைவாதி என்று பெயரெடுத்தவர். நாடு முழுவதும் 60,000க்கும் மேற்பட்டோர் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டார்கள். மந்தபுத்தி பரம்பரையாக வருகிறது என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட கேரியின் கைக்குழந்தை பின்னாளில் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் இடம்பிடித்தாள், எட்டு வயதில் நோயில் இறந்தாள். இதை நான் எத்தனை முறை படித்தாலும் பழகவில்லை. அன்று எதிர்த்தவர்கள் பலரும் விஞ்ஞானம் படித்து எதிர்க்கவில்லை, மனித உயிருக்கு ஒரு மரியாதை உண்டு என்ற பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தார்கள், பின்தங்கியவர்கள் என்று ஏச்சும் வாங்கினார்கள்.

சோவியத் யூனியனில் தடி இன்னும் நீளம். நிக்கோலாய் வாவிலோவ் கண்டம் கண்டமாகப் போய்ப் பயிர் விதைகளைச் சேகரித்து லெனின்கிராடில் உலகின் மிகப்பெரிய விதை வங்கிகளில் ஒன்றை உருவாக்கியவர், அவர் வாழ்க்கையின் நோக்கமே பஞ்சத்தை ஒழிப்பது. வேளாண் நிபுணர் ட்ரோஃபிம் லைசென்கோ மரபணுவியலை முதலாளித்துவக் கற்பனை என்றார், பயிரைப் பழக்கி மாற்றலாம், மாறியது அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றார், ஸ்டாலினுக்கு அது பிடித்திருந்தது. வாவிலோவ் 1940இல் கைதானார், 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பட்டினியால் நொந்து இறந்தார். அவர் சிறையில் இருந்தபோதே ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. விதை வங்கியின் ஊழியர்கள் மூட்டை மூட்டையாக நெல்லும் கோதுமையும் பக்கத்தில் இருக்க, அதைத் தொடாமல் காத்து, பலர் பசியில் செத்தார்கள். 1948இல் மரபணுவியல் அதிகாரபூர்வமாகத் தடைசெய்யப்பட்டது, லைசென்கோவின் பிடி 1960களின் நடுவில்தான் தளர்ந்தது.

சீனாவில் சிட்டுக்குருவியைக் கொன்றது உண்மையா?

உண்மை. 1958இல் மாவோ அரசு எலி, ஈ, கொசு, குருவி நான்கையும் ஒழிக்கச் சொன்னது. குருவி தானியம் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. மக்கள் தட்டும் பறையும் அடித்துக் குருவிகளை உட்கார விடாமல் விரட்டினார்கள், அவை களைத்து விழுந்து செத்தன. குருவி பூச்சியையும் தின்கிறது, அது போனதும் பயிரைத் தின்னும் பூச்சி பெருகியது. பறவையியலாளர்கள் எச்சரித்த பிறகு 1960இல் பட்டியலில் குருவிக்குப் பதில் மூட்டைப்பூச்சி வந்தது. அதே ஆண்டுகளில் வந்த பெரும்பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். குருவிதான் காரணம் என்று சொல்வது தப்பு. நிலத்தைப் பிடுங்கிக் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையாக்கியதும், பொய்யான விளைச்சல் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனதும்தான் முக்கியக் காரணங்கள்.

மக்கள்தொகை பெருகினால் எல்லாம் தீர்ந்துபோகும் என்றார்களே?

உயிரியலாளர் பால் எர்லிக் அப்படித்தான் சொன்னார். பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1980இல் அவரைப் பந்தயத்துக்கு அழைத்தார்: செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஐந்தையும் எர்லிக் தரப்பே தேர்ந்தெடுத்தது, மொத்தம் 1,000 டாலர் மதிப்பு, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் பத்து ஆண்டில் விலை ஏறுமா இறங்குமா என்பது கேள்வி. அந்தப் பத்து ஆண்டில் மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது, ஐந்து உலோகத்தின் விலையும் இறங்கியது. 1990இல் எர்லிக், விலை இறங்கிய வித்தியாசமான 576.07 டாலருக்குக் காசோலை அனுப்பினார். சைமனுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, வேறு பத்தாண்டுகளை எடுத்தால் பல முறை எர்லிக் ஜெயித்திருப்பார். ஆனாலும் சைமனின் அடிப்படைக் கருத்தை நான் ஏற்கிறேன்: விலை ஏறினால் யாரோ ஒருவர் மாற்று தேடுவார், தேடுவதற்கு அவருக்கு விடுதலை இருக்க வேண்டும். அதோடு, தன் கணிப்பின் மேல் இரண்டு பேரும் சொந்தப் பணத்தை வைத்தார்கள், அது அபூர்வம்.

மதுவை முழுக்கத் தடைசெய்யலாமா?

அமெரிக்கா 1920 முதல் 1933 வரை செய்து பார்த்தது. கள்ளச்சாராயமும் ரவுடிக் கும்பலும் வளர்ந்தன. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று அதில் மெத்தனால் என்ற விஷத்தைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னது அரசு, அப்படியும் குடித்துப் பலர் செத்தார்கள். நான் குடிப்பழக்கத்தை வெறுப்பவன், இருந்தும் இதை ஆதரிக்க முடியாது.

அப்படியென்றால் அரசு செய்த நல்லதே இல்லையா?

இருக்கிறது, மறைக்க மாட்டேன். பெரியம்மை 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது, அரசுகள் கைகோக்காமல் அது நடந்திருக்காது. சுவீடனில் 1955 வாக்கெடுப்பில் சுமார் 83 சதவீதம் பேர் சாலையின் இடப்பக்கமே போகலாம் என்றார்கள், அரசு கேட்காமல் 1967 செப்டம்பர் 3 அன்று வலப்பக்கத்துக்கு மாற்றியது, அது நன்றாகவே நடந்தது. என் கருத்துக்கு இது இடைஞ்சலான உதாரணம், அதனாலேயே சொல்கிறேன். நீதிமன்றம், காவல், எல்லை, தொற்றுநோய், ஒப்பந்தத்தைக் காப்பது, இவற்றில் எனக்கு வலுவான அரசு வேண்டும். அதற்கு வெளியே கால் வைக்கும்போது ஏன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது.

மேலிருந்து யாரும் சொல்லாமல் சாதாரண மக்களே பெரிதாக எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

1978 இறுதியில், சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்ற சிற்றூர். அந்த வட்டாரம் பிச்சைக்குப் பேர்போனது, பஞ்சத்தில் பட்டினிச் சாவைக் கண்ட ஊர். 18 விவசாயிகள் இரவில் ஒரு மண் வீட்டில் கூடிக் கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள்: அரசுக்கும் கூட்டுப் பண்ணைக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுவது, மிச்சம் உழைத்தவனுக்கு. அன்றைய சட்டப்படி பெரும் குற்றம் அது. அடுத்த அறுவடை பல மடங்கு கூடியது, கூடியதாலேயே ரகசியம் வெளியானது. மாகாணக் கட்சித் தலைவர் வான் லி அவர்களைத் தண்டிக்காமல் விட்டார், சில ஆண்டுகளில் அந்த முறை நாடு முழுவதும் பரவியது.

அன்று எழுதிக் கைரேகை வைத்த தாளில் இன்னொரு வாக்கும் இருந்தது. நம்மில் யாரையாவது சிறைக்கு அனுப்பினாலோ கொன்றாலோ, அவர் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்போம்.